குளக்கரை மருத்துவமனை: ஈசூனில் தோட்டம் செய்யும் வேலை

சிங்கப்பூரின் வடக்கே, ஈசூனில், கூ டெக் புவாட் மருத்துவமனையைத் திட்டமிட்டபோது அதன் நிர்வாகம் கட்டடக் கலைஞர்களிடம் வைத்த கோரிக்கைகளில் ஒன்று வியப்பூட்டுவது. வளாகத்துக்குள் காலடி வைப்பவரின் நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிய வேண்டும் என்றார்கள். எந்த மருத்துவமனையிலும் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. மருத்துவரின் முன்னால் அளக்கும்போது மட்டும் ஏறிக்கொள்ளும் இரத்த அழுத்தம் மருத்துவ உலகம் நன்கு அறிந்த ஒன்று. அதை மரத்தாலும் நீராலும் காற்றாலும் இறக்க முடியுமா என்று கேட்டு, அந்தக் கேள்வியின் மேல் ஒரு முழுப் பொது மருத்துவமனையையே எழுப்பியிருக்கிறார்கள்.

2010இல் திறக்கப்பட்ட இந்த மருத்துவமனையின் படங்கள் இப்போது உலகெங்கும் கட்டடக் கலை மாணவர்களின் கைகளில் இருக்கின்றன. மாடிதோறும் வழிந்து இறங்கும் கொடிகள், நடுமுற்றத்துக் காடு, அருவி, அதற்கப்பால் குளம். 2017இல், இயற்கையோடு இயைந்த கட்டட வடிவமைப்புக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட ஸ்டீபன் கெல்லர்ட் விருதும் இதற்கே கிடைத்தது. படங்களைப் பார்ப்பவர்கள் அழகைப் பார்க்கிறார்கள். அழகு உண்மைதான். ஆனால் படத்தில் பதியாத இரண்டு செய்திகள் இந்த மருத்துவமனையின் உயிர் என்று நான் நினைக்கிறேன். அதிக மானியம் பெறும் நோயாளியின் படுக்கையைக் கணக்கில் எடுத்தே காற்றும் பசுமையும் திட்டமிடப்பட்டன என்பது ஒன்று. தோட்டத்தைத் தங்களுடையதாகக் கருதும் ஆட்கள் கட்டடத்துக்கு முன்பே இருந்தார்கள் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் விட்டுவிட்டுச் செடித்தொட்டிகளை மட்டும் நகலெடுக்கும் மருத்துவமனைகளுக்குச் செடித்தொட்டிகள் மட்டுமே மிஞ்சும்.

அலெக்சாண்ட்ராவில் கற்றது

கதை ஈசூனில் தொடங்கவில்லை. தீவின் தென்மேற்கே உள்ள அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் தொடங்குகிறது. பிரிட்டிஷ் இராணுவ மருத்துவமனையாகக் கட்டப்பட்டு 1940இல் செயல்படத் தொடங்கிய அந்த வளாகம் ஒரு கொடிய நினைவைச் சுமந்து நிற்பது. 1942 பிப்ரவரி 14, 15 ஆகிய நாள்களில் ஜப்பானியப் படையினர் உள்ளே புகுந்து நோயாளிகளையும் மருத்துவ ஊழியர்களையும் கொன்றார்கள். 1971இல் பிரிட்டிஷார் வெளியேறியபின் அது சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது.

2000ஆம் ஆண்டில் லியாக் தெங் லிட் தலைமையில் ஒரு புதிய நிர்வாகக் குழு அங்கே பொறுப்பேற்றது. லியாக் மருந்தாளராகப் பயிற்சி பெற்றவர். கட்டடங்களோ பழையவை; புதிய மருத்துவமனைகளின் பளபளப்போடு போட்டி போட வழியில்லை. ஆனால் சுற்றிலும் நிலம் இருந்தது, முதிர்ந்த மரங்கள் இருந்தன. கட்டடத்தை மாற்ற முடியாதபோது கட்டடத்தைச் சுற்றியிருப்பதை மாற்றலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மருத்துவமனை ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து செடி நட்டார்கள். மூலிகைத் தோட்டம் வந்தது, பழமரங்கள் வந்தன, வண்ணத்துப்பூச்சிகளுக்கென்று ஒரு நடைபாதையே வந்தது. அந்தப் பாதையில் காலப்போக்கில் நூறையொட்டிய வண்ணத்துப்பூச்சி வகைகள் பதிவாயின. நடுத்தர அளவுள்ள ஒரு நகர மருத்துவமனை வளாகத்துக்கு இது மிகப் பெரிய எண்ணிக்கை.

இங்கே ஒரு நல்வாய்ப்பும் சேர்ந்துகொண்டது. பின்னாளில் ஈசூன் மருத்துவமனையை வடிவமைத்த சிபிஜி கன்சல்டன்ட்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த கட்டடக் கலைஞர் கியூ சின் கூன், சிங்கப்பூர் வண்ணத்துப்பூச்சிகளைப் பல்லாண்டுகளாகக் கவனித்துப் பதிவு செய்துவருபவர். கட்டடம் வரைகிறவருக்குப் புழு தின்னும் இலை எது என்று தெரிந்திருப்பது எத்தனை அரிது! தோட்டக்காரர், நிர்வாகி, கட்டடக் கலைஞர் ஆகிய மூவரும் ஒரே மொழியில் பேசிக்கொள்ளக் கூடிய சூழல் அங்கே உருவானது.

ஆகவே வடக்கே புதிய மருத்துவமனை கட்டும் பணி இந்தக் குழுவிடம் வந்தபோது, தோட்டம் என்பது கட்டடம் முடிந்தபின் மிச்சமிருக்கும் இடத்தில், மிச்சமிருக்கும் பணத்தில் வைப்பதாக இருக்கவில்லை. அவர்கள் ஏற்கெனவே தோட்டத்தோடு மருத்துவமனை நடத்திப் பார்த்தவர்கள். என்ன வேலை செய்கிறது, எதற்கு எவ்வளவு கைகள் வேண்டும் என்ற அறிவு முதல் வரைபடத்துக்கு முன்பே அவர்களிடம் இருந்தது.

குளத்தைத் தத்தெடுத்தல்

ஈசூன் என்ற பெயர், இப்பகுதியில் ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுச் செல்வரான லிம் நீ சூனிடமிருந்து வந்தது. தோட்டங்கள் போய் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகள் எழுந்த நகரம் இது. அருகிலுள்ள செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழர்கள் மரத்தடியில் வழிபட்ட முருகன், இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் வருவது அங்கேதான். இந்த மருத்துவமனையின் நோயாளிகளில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் கலந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் கம்பத்து (கிராமத்து) வாழ்க்கையை, அதாவது கோழியும் வாழையும் கிணறும் இருந்த வீட்டை, இளமையில் பார்த்தவர்கள்.

மருத்துவமனைக்கு ஒதுக்கப்பட்ட நிலம் ஏறக்குறைய 3.4 ஹெக்டேர். ஒரு பொது மருத்துவமனைக்கு இது நெருக்கமான இடம். ஆனால் அதை ஒட்டி ஒரு குளம் இருந்தது. மழைநீர் சேகரிக்கக் கட்டப்பட்ட ஈசூன் குளம், கான்கிரீட் கரையோடு, யாருக்கும் பயன்படாத பொறியியல் சாதனமாகக் கிடந்தது. மருத்துவமனை நிர்வாகம் அந்தக் குளத்தைத் தன் முற்றத்தின் தொடர்ச்சியாகப் பார்த்தது. சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் 2006இல் தொடங்கியிருந்த, நீர்நிலைகளை மக்களுக்குத் திறந்துவிடும் திட்டத்தின்கீழ் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. தேசிய பூங்காக் கழகமும் வீவகவும் சேர்ந்துகொண்டன. கரைகளில் நீர்த்தாவரங்கள் வந்தன, நடைபாதை வந்தது, சுற்றுப்புறத்தார் காலையில் நடக்க வந்தார்கள். தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீரும் குளத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

இதில் நான் மிக மதிப்பது, மதில் இல்லை என்பதை. மருத்துவமனைக்கும் குளத்துக்கும் ஊருக்கும் நடுவே வேலி போட எத்தனையோ நிர்வாகக் காரணங்கள் கிடைத்திருக்கும். அவர்கள் போடவில்லை. நோயில்லாதவர்களும் உள்ளே வந்து உட்கார்கிறார்கள், பள்ளி மாணவர்கள் பாடம் படிக்கிறார்கள். நோயாளியின் கண்ணுக்கு வெள்ளை அங்கிகளோடு சாதாரண வாழ்க்கையும் தென்படுகிறது. சக்கர நாற்காலியில் குளக்கரைக்கு வருபவர், சற்று நேரத்துக்காவது, ஊரில் ஒருவராகிவிடுகிறார்.

கட்டடத்துக்குள் இறங்கிய காடு

கட்டடம் மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'வி' போல விரிந்து குளத்தை நோக்கித் திறக்கிறது. நடுவே முற்றம். முற்றம் தரைமட்டத்தோடு நிற்காமல் அடித்தளம் வரை இறங்குகிறது. வெளிச்சமும் மழையும் அடித்தளத்தைத் தொடுகின்றன. பெரும்பாலான மருத்துவமனைகளில் அடித்தளம் என்றால் குழல்விளக்கும் ஈரச் சுவரும் என்பதை நினைத்தால், இந்த ஒரு முடிவின் அருமை புரியும். அங்கிருந்து மேலே பார்த்தால் மரங்களின் தலைகளும், அவற்றுக்கு மேல் மாடித் தொட்டிகளிலிருந்து தொங்கும் கொடிகளும், அவற்றுக்கும் மேல் வானமும்.

கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் உள்ள பசுமைப் பரப்பைக் கூட்டினால் அது நிலப்பரப்பைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வரும். நடைக்கூடங்கள், மாடிமுகப்புகள், கூரைகள், படிக்கட்டு ஓரங்கள் என்று கட்டடம் தன் மேனியெங்கும் மண்ணைச் சுமக்கிறது. இப்படிப் பரவியிருப்பதற்கு மருத்துவக் காரணம் உண்டு. தோட்டம் ஒரே இடத்தில், கீழே, தனியாக இருந்தால் அங்கே போக முடிந்தவருக்கு மட்டும்தான் அது பயன்படும். அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் கிடப்பவர், சொட்டுநீர் ஊசியோடு பிணைக்கப்பட்டவர், கால் எலும்பு முறிந்தவர் ஆகியோருக்குக் கீழ்த்தளத்துத் தோட்டம் வேறொரு நாட்டில் இருப்பது போலத்தான். ஆகவே தொட்டிகள் வார்டு ஜன்னல்களுக்கு வெளியே வைக்கப்பட்டன. தலையணையில் தலை வைத்தபடியே இலை தெரிய வேண்டும். மணம் வீசும் செடிகளையும் தேர்ந்தெடுத்து வைத்தார்கள். கண் மூடிக் கிடப்பவருக்கும் தோட்டத்தில் ஒரு பங்கு உண்டு என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

தாதியரும் மருத்துவரும் ஒரு நாளில் பலமுறை கடந்துபோகும் நடைக்கூடங்கள் முற்றத்தின் ஓரமாக, திறந்தபடி செல்கின்றன. தோட்டத்துக்குப் போவதற்கென்று நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்குத் தோட்டம் போகும் வழியிலேயே கிடைக்கிறது. இது எளிய ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால் தோட்டம் வைத்த மருத்துவமனைகள் பலவற்றில் அதன் கதவு பூட்டியே கிடப்பதும், வழி தெரியாமல் ஊழியர்களே அங்கே போகாமலிருப்பதும் இத்துறையில் எழுதுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை. போகும் பாதையில் வைத்துவிட்டால் அந்தக் குறை எழுவதற்கே இடமில்லை.

காற்று யாருக்கு

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு பாகை வடக்கே இருக்கிறது. பகலில் 31, 32 டிகிரி செல்சியஸ், இரவிலும் 25ஐ ஒட்டி, ஆண்டு முழுவதும் புழுக்கம். அங்குள்ள பொது மருத்துவமனைகளின் படுக்கைப் பிரிவுகள் ஏ, பி1, பி2, சி என்று வகுக்கப்பட்டிருக்கின்றன. ஏ பிரிவில் தனி அறையும் குளிர்சாதன வசதியும் உண்டு, அரசு மானியம் கிடையாது. சி பிரிவில் பலர் சேர்ந்து தங்கும் கூடம், அதிக மானியம், குளிர்சாதனம் இல்லை. மின்விசிறியும் ஜன்னலும்தான்.

குளிர்சாதனம் இல்லாத கூடத்தில் காய்ச்சலோடு கிடப்பவருக்குக் காற்று என்பது ஆடம்பரமல்ல. இந்த மருத்துவமனையை வடிவமைத்தவர்கள் அதைத் தங்கள் வேலையின் நடுவில் வைத்தார்கள். வீசும் காற்றைப் பிடிக்கும்படி கட்டடத்தின் திசை தீர்மானிக்கப்பட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். சுவரிலிருந்து துருத்தி நிற்கும் செங்குத்துத் தகடுகள், பக்கவாட்டில் நழுவிப்போகும் காற்றைத் தடுத்து ஜன்னலுக்குள் திருப்பிவிடுகின்றன. கண்ணாடிப் பட்டிகளைச் சாய்த்துத் திறக்கும் ஜன்னல்கள், மழை பெய்யும்போதும் முழுக்க மூடத் தேவையில்லாதபடி அமைந்தன. மேலே நீட்டிய தட்டுகள் வெயிலை மறைத்து, வெளிச்சத்தைக் கூரைமேல் தெறிக்கவிட்டு உள்ளே அனுப்புகின்றன.

தோட்டம் இங்கேதான் தன் இரண்டாவது வேலையைச் செய்கிறது. கான்கிரீட் முற்றத்தின் மேல் வரும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு வரும். மரநிழலிலும் ஈர இலைகளின் நடுவிலும் நீர்ப்பரப்பின் மேலும் வரும் காற்று அப்படிச் சூடாவதில்லை. இலைகள் ஆவியாக்கும் நீர் சூட்டை எடுத்துக்கொள்கிறது, நிழலில் தரை கொதிப்பதில்லை. முற்றமும் குளமும் சேர்ந்து, குளிர்சாதனம் இல்லாத வார்டின் ஜன்னலுக்கு வந்து சேரும் காற்றைத் தணிக்கின்றன. ஏ பிரிவில் இருப்பவருக்குத் தோட்டம் ஒரு காட்சி. சி பிரிவில் இருப்பவருக்கு அதே தோட்டம் அவர் மூச்சில் கலக்கும் காற்று. மானியம் பெறும் நோயாளிக்கு மட்டமான இடத்தை ஒதுக்குவது உலகெங்கும் பழகிப்போன ஒன்று. இங்கே கட்டடத்தின் மிகச் சிறந்த அறிவு அவருடைய படுக்கைக்காகச் செலவிடப்பட்டிருக்கிறது. இந்த மருத்துவமனையைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மட்டும் சொல்ல அனுமதித்தால் நான் இதைத்தான் சொல்வேன்.

இயற்கைக் காற்றோட்டத்துக்கு இன்னொரு மருத்துவ ஆதரவும் உண்டு. பெருவின் தலைநகர் லிமாவில் மருத்துவமனைகளை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஆய்வு, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளில் ஜன்னல்களைத் திறந்துவிட்டால், இயந்திரக் காற்றோட்டம் உள்ள அறைகளைவிடக் காற்று விரைவாக மாறுகிறது என்றும், காசநோய் போன்று காற்றில் பரவும் தொற்றின் அபாயம் அதனால் குறையும் என்றும் காட்டியது. 2003இல் சார்ஸ் தொற்றைச் சந்தித்த சிங்கப்பூருக்கு இது ஏட்டுப் பேச்சல்ல. அறுவைக் கூடத்துக்கும் தனிமைப்படுத்தும் அறைகளுக்கும் இயந்திரங்கள் கட்டாயம் வேண்டும். மற்ற இடங்களில் ஜன்னலை நம்பலாம், ஜன்னலுக்கு வெளியே இருப்பது நல்ல காற்றாக இருந்தால்.

மரம் பார்த்தால் குணமாகுமா

இத்துறையில் எல்லோரும் முதலில் காட்டும் ஆய்வு ரோஜர் உல்ரிச்சுடையது. 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு புறநகர் மருத்துவமனையில் 1972க்கும் 1981க்கும் இடையே பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் எடுத்தார். ஒரே கட்டடப் பகுதியில் சில அறைகளின் ஜன்னல் இலையடர்ந்த மரங்களைப் பார்த்திருந்தது, சிலவற்றின் ஜன்னல் செங்கல் சுவரை. வயது, பாலினம், உடல்வாகு, புகைப்பழக்கம் போன்றவற்றில் ஒத்திருந்த 23 ஜோடிகளை ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள், சுவர் பார்த்தவர்கள் 8.70 நாள். மரம் பார்த்தவர்களுக்கு வீரியமான வலிமருந்துகள் குறைவாகத் தேவைப்பட்டன. தாதியரின் குறிப்புகளில் மனக்கலக்கம் பற்றிய வரிகளும் குறைவு. மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் 20 வரையிலான பதிவுகளை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார், மற்ற மாதங்களில் அந்த மரங்களில் இலையே இருக்காது என்பதால். ஈசூனில் அந்தக் கவலை இல்லை.

இந்த ஆய்வின் வலிமையை நான் நம்புகிறேன். அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். மொத்தம் 46 பேர், ஒரே மருத்துவமனை, ஒரே நோய். வெறும் செங்கல் சுவரின் சலிப்பே வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருந்திருக்கலாம். எல்லாவிதக் கட்டடக் காட்சிகளுக்கும் இந்த முடிவை நீட்டக் கூடாது என்று உல்ரிச்சே எச்சரித்திருந்தார். அவர் 1991இல் 120 பேரை வைத்துச் செய்த சோதனையில், மனத்தை உலுக்கும் படம் ஒன்றைப் பார்த்தபின் இயற்கைக் காட்சிகளைப் பார்த்தவர்களின் இரத்த அழுத்தமும் தசை இறுக்கமும், நகரக் காட்சிகளைப் பார்த்தவர்களுடையதைவிட விரைவாக, சில நிமிடங்களிலேயே தணிந்தன. ஈசூன் நிர்வாகம் கேட்ட இரத்த அழுத்தக் கோரிக்கை வெறும் ஆசைப் பேச்சல்ல என்பதற்கு இது சான்று. தோட்டம் கிருமியைக் கொல்லாது, எலும்பைச் சேர்க்காது. அச்சம் தணிந்த உடல் வலியைத் தாங்குகிறது, தூங்குகிறது, உணவை ஏற்கிறது. மருத்துவம் தன் வேலையைச் செய்ய அந்த உடல் இடம் கொடுக்கிறது.

ஊழியர்களைப் பற்றிய சான்றுகள் குறைவு. இருப்பவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது, அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 29 தாதியரை வைத்து நடத்தப்பட்டு 2018இல் வெளியான சிறிய ஆய்வு. ஆறு வாரம் இடைவேளையை மருத்துவமனைத் தோட்டத்திலும், ஆறு வாரம் உள்ளே ஓய்வறையிலும் கழித்தார்கள். தோட்ட இடைவேளைகளின்போது அவர்களின் மனச்சோர்வும், நோயாளியை ஒரு பொருளாகப் பார்க்கத் தொடங்கும் விலகலும் குறைந்தன. நோயாளி சில நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். தாதி அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருப்பவர். மருத்துவமனைத் தோட்டத்தின் கணக்கை எழுதும்போது அவரை முதல் வரியில் வைக்க வேண்டும்.

புழுவுக்கும் ஒரு இலை

வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்று பூச்செடி மட்டும் வைத்தால் அது தேன் குடித்துவிட்டுப் போய்விடும். தங்கிப் பெருக வேண்டுமானால் அதன் புழு தின்னும் இலை வேண்டும். எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளைத் தின்னும் புழு வேறு, எருக்கிலையைத் தின்னும் புழு வேறு. அவை தின்பதால் இலைகள் ஓட்டையாகும், செடி சில வாரம் மொட்டையாக நிற்கும். பளிச்சென்று இருக்க வேண்டிய ஒரு நிறுவனத்தின் முற்றத்தில் மொட்டைச் செடியை விட்டுவைக்கவும், மருந்தடிக்காமல் இருக்கவும் மனத்துணிவு வேண்டும். அலெக்சாண்ட்ராவில் கற்ற அந்தத் துணிவை ஈசூனுக்குக் கொண்டுவந்தார்கள். வண்ணத்துப்பூச்சிகளையும் பறவைகளையும் மீன்களையும் எண்ணிப் பதிவு செய்யும் பழக்கமும் கூடவே வந்தது. நோயாளிக்கு அது என்ன தருகிறது என்றால், நாளுக்கு நாள் மாறுகிற ஒன்றை. மருத்துவமனையில் நேரம் நகராது. ஜன்னலோரச் செடியில் நேற்று இல்லாத கூட்டுப்புழு இன்று தொங்கினால் நாளை எட்டிப்பார்க்க ஒரு காரணம் கிடைக்கிறது.

வெப்பமண்டலத் தோட்டத்தின் தொல்லைகளையும் பேச வேண்டும். முதல் எதிரி கொசு. டெங்கி நிலைகொண்ட ஊர் அது. தேங்கிய நீரைக் கண்டால் அபராதம் விதிக்கும் நாடு. மாடிதோறும் தொட்டி என்றால் ஒவ்வொரு தொட்டியின் வடிகாலும் சரியாக இருக்க வேண்டும், யாராவது ஒருவர் தொடர்ந்து பார்க்க வேண்டும். குளங்களில் மீன்கள் கொசுப்புழுவைத் தின்கின்றன. இன்னொரு தொல்லை மண். எதிர்ப்பு ஆற்றல் மிகக் குன்றியவர்களுக்கு, உதாரணமாக இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, மண்ணில் வாழும் அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்ட நோயாளிகளின் அறைக்குள் தொட்டிச் செடியும் பூங்கொத்தும் அனுமதிக்கப்படுவதில்லை என்பது மருத்துவமனைகளில் பொதுவான விதி. அவர்களுக்குக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து தெரியும் மரமே சரி. தோட்டம் வேண்டும் என்று வாதிடுகிற யாரும் இந்த விலக்குகளை மறைக்கக் கூடாது.

கூரையில் பண்ணை

புறநோயாளிப் பிரிவுக் கட்டடத்தின் கூரையில் ஒரு பண்ணை இருக்கிறது. காய்கறிகள், மூலிகைகள், பழமரங்கள். அக்கம்பக்கத்திலிருந்து வரும் தன்னார்வலர்கள்தாம் அதைப் பேணுகிறார்கள். விளைச்சல் மருத்துவமனைச் சமையலறைக்கும் போகிறது, விற்பனைக்கும் வருகிறது.

விளைச்சலின் அளவை வைத்து இந்தப் பண்ணையை மதிப்பிடுவது தவறு. ஈசூனைச் சுற்றியிருந்த கம்பங்களிலிருந்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த தலைமுறைக்கு மண்ணோடு இருந்த தொடர்பு ஒரே நாளில் அறுந்துபோனது. வாழைக்கு எப்போது கன்று பிரிப்பது, எந்தக் காய்க்கு எவ்வளவு நிழல் என்ற அறிவெல்லாம் அடுக்குமாடி வீட்டில் செல்லாக் காசாயிற்று. மருத்துவமனை அவர்களைக் கூப்பிட்டு, எங்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியும், வந்து செய்யுங்கள் என்றது. மருத்துவமனைக்கு நோயாளியாக மட்டுமே வர வேண்டிய வயதில் அவர்கள் அங்கே தேவைப்படும் ஆளாக வருகிறார்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், தனிமை ஆகியவை முதுமையில் ஒன்றையொன்று வளர்ப்பவை என்பதால், இந்தப் பண்ணையை நான் தடுப்பு மருத்துவத்தின் ஒரு பிரிவாகவே எண்ணுகிறேன்.

தன்னார்வலர்களை மட்டும் நம்பித் தோட்டத்தை நடத்தவும் முடியாது. மழையில் ஒரே வாரத்தில் கொடி ஜன்னலை மூடிவிடும். வெட்டவும், உரமிடவும், வடிகால் பார்க்கவும் சம்பளம் பெறும் ஆட்களும், அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கீடும் வேண்டும். கட்டும்போது கிடைக்கும் பணம் பெரிது. இந்த மருத்துவமனைக்குக் கூ டெக் புவாட்டின் குடும்பம் 12.5 கோடி சிங்கப்பூர் வெள்ளி நன்கொடை தந்தது. ஆனால் பத்தாம் ஆண்டில் கத்தரிக்கோலோடு நிற்பவரின் சம்பளத்துக்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. திறப்பு விழாவின்போது தோட்டங்கள் அழகாக இருந்து, பின்னர் பராமரிப்புச் செலவு வெட்டப்பட்டுக் காய்ந்த கதை எல்லா நாட்டிலும் உண்டு. இந்த மருத்துவமனை 795 படுக்கைகள் கொண்டதாக வளர்ந்தபின்னும், பக்கத்தில் 428 படுக்கைகளோடு ஈசூன் சமூக மருத்துவமனை 2015இல் சேர்ந்தபின்னும் தோட்டம் இட நெருக்கடிக்குப் பலியாகாமல் நிற்பதை அதன் மிகப் பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

சிங்கப்பூரின் பொதுப் பூங்காக்களும் இதே திசையில் நகர்ந்தன. தேசிய பூங்காக் கழகம் 2016இல் ஹார்ட்பார்க்கில் தன் முதல் சிகிச்சைத் தோட்டத்தைத் திறந்தது. மறதி நோய் உள்ளவர்களையும் முதியவர்களையும் மனத்தில் வைத்து, சுற்றி வந்து தொடங்கிய இடத்துக்கே சேரும் பாதைகள், சக்கர நாற்காலியில் இருந்தபடி கைவைக்க உயர்த்திய பாத்திகள், தொட்டும் முகர்ந்தும் பார்க்கும் செடிகள் என்று அவை அமைகின்றன. 2030க்குள் 30 தோட்டங்கள் என்பது இலக்கு. இதனோடு சேர்ந்து, 59 முதியவர்களை வைத்து ஆறு மாதம் நடந்த தோட்டச் சிகிச்சைச் சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. தோட்ட வேலையும் பூங்கா நடையும் செய்தவர்களின் இரத்தத்தில், அழற்சியோடு தொடர்புடைய இன்டர்லூக்கின்-6 குறைந்தது. மற்றவர்களோடு தங்களுக்குள்ள உறவு மேம்பட்டதாகவும் அவர்கள் உணர்ந்தார்கள். நினைவாற்றலிலும் சிந்தனைத் திறனிலும் தெளிவான மாற்றம் தெரியவில்லை. மேம்பட்டவற்றில் மனித உறவு இடம்பெற்றிருப்பது கூரைப் பண்ணையை அறிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. அடுத்த சோதனைகளை நீண்ட காலத்துக்கு, கூடுதல் ஆட்களோடு, மருத்துவமனைத் தோட்டத்திலேயே நடத்த வேண்டும். அதில் தாதியரையும், செடி வெட்டும் தொழிலாளர்களையும், ஏ.சி. இல்லாத வார்டில் கிடப்பவர்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பது என் விருப்பம்.